ஆட்டோபேயில் போன ஐந்து மாதமும் மெட்ரோ வகுப்பும்

மாதம் பிறந்தால் பணம் போகும். பாடம் மட்டும் மூன்றாவது வீடியோவிலேயே நிற்கும். டேட்டா சயின்ஸ் படிக்கிறேன் என்று ஒரு வெளிநாட்டுத் தளத்தில் மாதச் சந்தா கட்டி ஐந்து மாதம் இப்படியே ஓடியது. "ஜிம்முக்குக் கட்டுற மாதிரிதான் இதுவும்" என்றாள் மனைவி. கோபம் வந்தது, ஆனால் உண்மை.

முதல் வேலையாக யுபிஐ செயலியில், மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபேயை ரத்து செய்தேன். அப்புறம் என்பிடெல் பக்கம் போனேன். ஐஐடிகளும் நம்ம பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளம் அது. சேர்வதும் பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம். மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பது என் போன்ற சோம்பேறிக்குப் பெரிய ஆறுதல்.

நேரத்துக்கு வழி மெட்ரோவில் கிடைத்தது. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஒரே பர்ப்பிள் லைன். புதிய பருவம் தொடங்குமுன்பே, அதே பாடத்தின் பழைய வீடியோக்களை இரவு வைஃபையில் இறக்கி, 1.5 வேகத்தில் கேட்டு முடித்தேன். இந்திராநகரில் கூட்டம் நெருக்கினால் காதுக்கு மட்டும் வேலை. கணக்குப் போடும் பகுதி அப்படி ஏறாது, அதற்கு ஞாயிறு காலை நோட்டோடு உட்கார வேண்டும்.

ஆட்டோபே ரத்தான மெசேஜை மனைவிக்கு அனுப்பியிருந்தேன். "ஜிம்மோடது எப்போ?" என்று பதில் வந்தது.