ஃபியூல் ட்யூனர் வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

பைக்கில் சைலன்சரை மாற்றிய கையோடு, இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவை மாற்றும் பெட்டியான ஃபியூல் ட்யூனர் எதை வாங்கலாம் என்ற கேள்வி வந்துவிடும். கடைக்குப் போவதற்கு முன்னால் சிலதைப் பார்த்துவிட்டால் பல பேருக்கு அந்தச் செலவே மிச்சமாகும்.

முதலில் உங்கள் வண்டி கார்புரேட்டரா, ஃபியூல் இன்ஜெக்‌ஷனா என்று பாருங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு வந்த பைக்குகள் அநேகமாக எல்லாமே இன்ஜெக்‌ஷன்தான். கார்புரேட்டர் வண்டிக்கு ட்யூனர் கிடையாது, உள்ளே பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை மாற்றினால் போதும், நல்ல மெக்கானிக்கே செய்துவிடுவார்.

அடுத்தது, குறை எங்கே இருக்கிறது? நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறதா? ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறதா? புகை விதிகளுக்காக கம்பெனியில் இருந்தே பெட்ரோலைக் குறைத்து, அதாவது லீனாக, வைத்து அனுப்புவது உண்டு. புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டால் அந்த லீன் இன்னும் கூடும். ஆனால் செயின் தளர்ந்திருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருந்தாலும் இதே மாதிரிதான் வெட்டும். அதையெல்லாம் சரி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சைலன்சரும் ஃபில்டரும் கம்பெனியில் வந்தபடியே இருந்து, வண்டியும் ஒழுங்காக ஓடினால் ட்யூனர் வேண்டவே வேண்டாம்.

சரி, வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். மலிவாகக் கிடைக்கும் 'பவர் சிப்' பலவற்றின் உள்ளே ஒரு ரெசிஸ்டர் மட்டுமே இருக்கும். காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை, நம்பவைத்துக் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டும், அவ்வளவுதான். ஈசியூவுக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை மாற்றுவதுதான் உண்மையான ஃபியூல் ட்யூனர். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் ஃபியூல்எக்ஸ் இந்த வகை. அவர்களுடைய பவர்ட்ரானிக் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றும், விலையும் கூட. தினமும் வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு ஃபியூல்எக்ஸ் வகையே தாராளம்.

வாங்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை இது எப்படிக் கையாளும்? பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது கணக்கு, எத்தனால் கலந்தால் காற்றின் பங்கு குறையும். சீரான வேகத்தில் போகும்போது ஈசியூ அந்த சென்சாரைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பதால், நீங்கள் கூட்டியதை அது குறைத்துவிடும். ஆக சென்சாரின் கப்ளரையும், அதாவது ஒயர் இணைப்பானையும், சேர்த்துக் கையாளும் பெட்டிதான் குறைந்த வேகத்தில் உதவும். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கும்போது ஈசியூ சென்சாரைக் கண்டுகொள்ளாது என்பதால் அங்கே எந்த ட்யூனரும் வேலை செய்யும்.

அப்புறம் கப்ளர். உங்கள் மாடலுக்கும் வருஷத்துக்கும் என்றே வந்த கப்ளராக இருக்க வேண்டும், ஒயரை உரித்து முறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் பெய்யும், குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. உரித்த செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கப்ளரின் ரப்பர் சீல் விரலுக்கு மெத்தென்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர் கப்ளரின் பூட்டை அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ட்யூனரின் ஒரு முனை இன்ஜெக்டரில், மறுமுனை கழற்றிய கப்ளரில். இன்டர்செப்டர் 650 போன்ற இரட்டை சிலிண்டர் என்றால் இன்ஜெக்டரும் இரண்டு. பெட்டியை சீட்டுக்கு அடியில், சூடு படாத இடத்தில் கட்டுங்கள்.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழி ரோடு ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் காற்றுக் காலத்தில் எதிர்க்காற்றில் இழுவையும் மைலேஜும் தப்பாகத் தெரியும். போக வர இரண்டு பக்கமும் ஓட்டுங்கள், இல்லையென்றால் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றம் போதும். பிறகு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன், கருப்புக் கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், ட்யூனரில் ஒரு படி குறையுங்கள்.

வாரண்டியையும் முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

இன்ஜின் விளக்கு எரிந்தால் ட்யூனரைக் கழற்றிப் பழைய கப்ளரையே மாட்டி ஓட்டுங்கள். அப்படியும் அணையவில்லையென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம், ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.