மொட்டை மாடியில் கோல்ஃப் ஸ்விங்: ஃபோனில் எடுத்து, படித்து, திருத்துவது எப்படி?

நான் கோல்ஃப் ஆடப் போவது சென்னைக்கு, எப்போதாவது பெங்களூருக்கு. சென்னைக்குப் போக வர மட்டும் 280 கி.மீ. ஓட வேண்டியிருப்பதால், பழக்கமெல்லாம் வேலூர் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில்தான். கோச் கிடையாது, ஃபோன்தான். கிளப்பை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. ஸ்விங்கை எப்படிப் படம் பிடிப்பது, அதில் எதைப் பார்ப்பது, எதை முதலில் திருத்துவது என்பது மட்டும்தான் இந்தப் பதிவு. வலது கைக்காரர்களுக்காக எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலை

கிரிக்கெட் நெட்ஸுக்குக் கட்டுகிற வலையை வாங்கிவிடாதீர்கள். கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏறக்குறைய 72 மி.மீ., கோல்ஃப் பந்து 42.67 மி.மீ.தான். கிரிக்கெட் வலையின் கண் பெரிதாக இருந்தால் பந்து வழியிலேயே புகுந்து பக்கத்து வீட்டு சின்டெக்ஸ் டேங்கில் போய் நிற்கும். 25 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலையாகக் கேட்டு வாங்குங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது. இழுத்துக் கட்டிய வலை பந்தை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். தொளதொளவென்று தொங்கவிட்டால் பந்து வேகமிழந்து கீழே விழும். மாடி சின்னதாக இருந்தால் ஸ்பாஞ்ச் பந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வலையின் நடுவில், பந்துக்கு நேர் எதிரே, ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஃபோனை எங்கே வைப்பது? (இதை நிதானமாகப் படியுங்கள்)

நண்பர்கள் எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிற ஸ்விங் வீடியோக்களில் பாதிக்கு மேல் பார்த்துப் பயனில்லை. ஃபோன் தப்பான இடத்தில் இருக்கும். ஸ்விங் சரியாகவே இருந்தாலும் வீடியோவில் கோணலாகத் தெரியும். அந்த இல்லாத கோணலைத் திருத்தப் போய் நல்ல ஸ்விங்கைக் கெடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்று, இலக்கைப் பார்த்தபடி உங்களுக்குப் பின்னாலிருந்து. இதை 'டவுன் தி லைன்' என்பார்கள். இன்னொன்று, நெஞ்சுக்கு நேர் எதிரே, 'ஃபேஸ் ஆன்'. இரண்டாவதில் பெரிய சிக்கல் இல்லை. முதலாவதில்தான் எல்லாச் சிக்கலும்.

டவுன் தி லைன் எடுக்கும்போது கேமரா உங்கள் கைகளின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். பந்தின் கோட்டிலும் கூடாது, குதிகால் பக்கமும் கூடாது. ஒரு அடி குதிகால் பக்கம் நகர்ந்தாலே, கிளப்பைப் பின்னால் எடுக்கும்போது அது உடம்பை விட்டு வெளியே போவதாகத் தெரியும். இறங்கும்போது மேலிருந்து வெட்டுவது போலிருக்கும். ஒரு அடி பந்துப் பக்கம் நகர்ந்தால் நேர்மாறு: கிளப் உடம்புக்குள் சுருண்டு போவது போல் காட்டும். ஸ்விங் அதேதான், கேமராதான் நகர்ந்திருக்கிறது.

சரிபார்க்கச் சுலபமான வழி: எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங்குக்கு விற்கிற பிவிசி பைப் ஒன்று வாங்கி இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை, நீங்கள் நிற்கும்போது கைகள் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே, இலக்கை நோக்கித் தரையில் வையுங்கள். கேமரா செட்டிங்கில் கிரிட் கோடுகளை ஆன் செய்யுங்கள். திரையின் நடுவில் அந்தப் பைப் சாயாமல் செங்குத்தாக நின்றால் ஃபோன் சரியான இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஃபோனை நகர்த்துங்கள், பைப்பைத் தொடாதீர்கள்.

உயரம், கை உயரம். நம் ஊர் மாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் மூன்றடி இருக்கும், அதுவே கச்சிதம். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஃபோனைச் செருகினால் போதும். ரிங் லைட்டோடு வருகிற லேசான டிரைபாட் எனக்குப் பிடிக்காது. மாடிக் காற்றுக்கு அது முதலில் விழும், ஃபோன் இரண்டாவதாக விழும். தூரம் குறைந்தது மூன்று மீட்டர். 0.5 லென்ஸ் வேண்டவே வேண்டாம், ஓரங்களை வளைத்துவிடும்.

வெளிச்சமும் வேகமும்

ஸ்லோ மோஷனில், முடிந்தால் நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுங்கள். அதிக தூரம் அடிக்க வைத்திருக்கும் டிரைவர் கிளப்பின் தலை மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே அது 1.3 மீட்டர் தாண்டிவிடும். 240இல் 16 செ.மீ. அப்போதும் பந்தைத் தொடும் கணம் கிடைக்காது, ஏனென்றால் கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் கணத்தை வீடியோவில் தேடாதீர்கள், அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறது.

ஃப்ரேம் மட்டும் போதாது, நல்ல வெயில் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகி ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வெறும் மங்கலான கறையாகிவிடும். வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்! ஆனால் நடுப்பகல் வேண்டாம். காலை ஏழரை மணிவாக்கில், சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். தரைக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்திருந்தால் எக்ஸ்போஷரை உங்கள் மேல் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வேகமாக இறங்கும்போது ஷாஃப்ட் வில்லாக வளைந்து தெரியும். கிளப் கெட்டுப்போகவில்லை. ஃபோன் சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வருகிற தோற்றம் அது. அந்த ஃப்ரேமில் கோணம் அளக்காதீர்கள்.

படிப்பது

லேப்டாப் இருந்தால் கினோவியா போடுங்கள். விண்டோஸில் ஓடும், இலவசம், ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தலாம், கோடு போடலாம், இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். மாதச் சந்தா கேட்கிற ஆப்கள் ஆரம்பத்தில் தேவையே இல்லை.

ஆரம்பத்தில் மூன்று ஃப்ரேம் போதும்: நிற்கும் நிலை, பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் எடுக்கும்போது) ஷாஃப்ட் தரைக்கு இணையாக வரும் இடம், டவுன்ஸ்விங்கில் (கிளப் இறங்கும்போது) அதே இணை நிலை. மூன்றாவதில், டவுன் தி லைன் வீடியோவில் ஷாஃப்ட் கைகளை மறைத்தபடி இலக்குக் கோட்டுக்கு இணையாக இருந்தால் நன்று. கிளப் தலை கைகளைத் தாண்டி பந்துப் பக்கம் வெளியே தெரிந்தால், வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள்.

இனி அந்தச் சிவப்புத் துணி. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசை. அது எந்தப் பக்கம் வளையும் என்பது, முகத்துக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். வலைக்குள் வளைவைப் பார்க்க முடியாது, புறப்பாட்டைப் பார்க்கலாம். பந்து துணிக்கு வலப்பக்கம் பட்டால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது. முகத்தை வலை சொல்லும், பாதையை வீடியோ சொல்லும். துணியிலேயே படுகிறது, ஆனால் வீடியோவில் கிளப் வெளியிலிருந்து வருகிறது என்றால், நிஜ மைதானத்தில் அந்தப் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போகும். அதுதான் ஸ்லைஸ்.

இந்தக் கணக்கு பந்து முகத்தின் நடுவில் பட்டால்தான் செல்லும். பள்ளிக்கூடச் சாக்பீஸை ஈரமாக்கி முகத்தில் தேய்த்து, காயவிட்டு அடியுங்கள். பட்ட இடம் அப்படியே பதிந்திருக்கும். (ஸ்பாஞ்ச் பந்தில் இது வேலைக்காகாது.)

திருத்துவது

முகம் முதலில், பாதை அப்புறம். கோட்டை மைதானத்திலும் தெருவிலும் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு முகம்தான் வியாதி. பேட்டில் மேல் கையின் புறங்கை மிட் ஆஃபைப் பார்க்க வேண்டும், முழு முகத்தைக் காட்ட வேண்டும் என்று பழகியிருக்கிறோம். அதே பிடியைக் கிளப்பில் வைத்தால் முகம் திறந்தே வரும். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, குனிந்து பார்த்தால் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டி தெரிகிற மாதிரி பிடியுங்கள். முதலில் அசௌகரியமாக இருக்கும், பந்து இடப்பக்கம் ஓடும். விடாதீர்கள்.

பாதைக்கு: ஒரு துண்டைச் சுருட்டி, பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்தின் கோட்டுக்குச் சற்று வெளியே வையுங்கள். வெட்டினால் துண்டு பறக்கும். பாதி வேகத்தில் ஆரம்பியுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

தரையைத் தொடும் இடத்தைப் பார்க்க மாடி உதவாது. பந்துக்கு முன்பே தரையில் பட்டாலும் அடிக்கும் இடத்தில் விரித்திருக்கிற பாயில் கிளப் வழுக்கிப் போய்விடும், நல்ல ஷாட் மாதிரியே இருக்கும். இதற்கு நான் பாலாற்றுக்குப் போவேன். ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கிற மணலாகப் பார்த்து, குச்சியால் ஒரு கோடு கிழித்து, கோடு பந்து இருக்கும் இடம் என்று நினைத்து 7 ஐயர்ன் கிளப்பைச் சுழற்றுங்கள். பந்து வேண்டாம், ஆடு, மாடு, கிரிக்கெட் ஆடுகிற பசங்க எல்லாம் இருக்கிற இடம். மணல் கோட்டிலிருந்து முன்பக்கம் பறிந்திருந்தால் சரி. கோட்டுக்குப் பின்னால் பறிந்திருந்தால் எடை வலது காலிலேயே தங்கியிருக்கிறது. "இன்னா சார், பாம்பு கீதா?" என்று ஒரு பெரியவர் தூரத்திலிருந்தே கேட்டார். தடி எடுத்து மணலைச் சாத்தினால் வேறென்ன நினைப்பார்கள்.

ஆற்றுக்குப் போக முடியாதவர்கள் பாயிலேயே கோலமாவால் கோடு போட்டு, மாவு எங்கே கலைகிறது என்று பார்க்கலாம். டிரைவருக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. அதில் டீ என்கிற சின்ன ஆணி மேல் இருக்கும் பந்தைத் தொட வேண்டும், தரையை அல்ல.

சேர்த்தது: பேக்ஸ்விங் நேரத்துக்கும் டவுன்ஸ்விங் நேரத்துக்கும் விகிதம் 3:1 இருந்தால் நல்லது. அதை வீடியோவில் அளந்த ஒருவர், ஸ்விங் எட்டு நொடி வருகிறதே என்று கேட்டிருந்தார். சில ஃபோன்கள் 240இல் எடுத்ததை 30 ஃப்ரேம் ஃபைலாகச் சேமிக்கின்றன. கினோவியாவில் வீடியோவின் நேர அமைப்புக்குப் போய், எடுத்த வேகம் 240 என்று கொடுங்கள், ஒரு நொடி வந்துவிடும். விகிதம் மட்டும் போதுமென்றால் இதுவும் வேண்டாம், ஃப்ரேம்களை எண்ணினால் போதும்.

இன்னொருவர் வீட்டில் கைப்பிடிச் சுவருக்குப் பதில் கம்பி கிராதியாம். பழைய பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி, பைப்பின் மிச்சத் துண்டை அதில் நட்டு, ஃபோன் ஹோல்டரை அதில் மாட்டச் சொன்னேன். காற்றுக்கு அசையவில்லை என்று படம் அனுப்பியிருக்கிறார்.