ஆயில் ஃபில்டர் கசிவு: பழைய அம்பாசடரில் போல்ட்டை இறுக்கினால் நிற்காது

முகூர்த்த மாதம் வந்தால் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் பழைய அம்பாசடர்கள் பூமாலையோடு ரோட்டில் இறங்கும். ஷெட்டில் வண்டி நின்ற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் கிடக்கும். பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து ஃபில்டரின் அடி போல்ட்டை இன்னொரு திருகு திருகுவார்கள். சின்னக் கசிவு பெரிதாவது பெரும்பாலும் அந்தத் திருகலில்தான்.

1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் ஃபில்டர் என்பது ஒரு தகரக் கிண்ணம். உள்ளே ஆயிலை வடிகட்டும் எலிமென்ட், நடுவே நீளமான ஒரு போல்ட். கிண்ணத்தின் விளிம்பு, மேலே எஞ்சினோடு நிற்கும் ஃபில்டர் மூடியான ஹெட்டின் பள்ளத்தில் கிடக்கும் ரப்பர் ரிங்கில் போய் உட்காரும். எஞ்சின் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50, 60 பவுண்டு அழுத்தம் அந்த ரிங்கில்தான் மோதுகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது அதைவிடக் கூடும். நிற்கும் வண்டியில் சொட்டாமல் ஓடும் வண்டியில் மட்டும் ஒழுகுவது இதனால்தான்.

கழற்றும் முன் கசிவது ஃபில்டர்தானா என்று பாருங்கள். எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் கார்க் கேஸ்கட்டில் கசிந்த ஆயில் பிளாக்கில் வழிந்து கிண்ணத்தின் அடியில் வந்துதான் சொட்டும். திசையன்விளைப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் தேரிமண் வேறு அப்பியிருக்கும், எதுவும் தெரியாது. மண்ணெண்ணெய்த் துணியால் சுத்தமாகத் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டுக்கு மேலேயே நனைந்திருந்தால் கோளாறு மேலே. கிண்ணத்தின் பக்கவாட்டு நனைந்தால் ரிங். பக்கவாட்டு காய்ந்து போல்ட் தலையில் மட்டும் சொட்டு நின்றால் போல்ட் வாஷர்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கும் தவறு, பழைய ரிங்கை எடுக்காமல் அதன் மேலேயே புது ரிங்கை வைப்பது. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் கல்லாகி, பள்ளத்தின் நிறத்திலேயே பள்ளத்தோடு ஒட்டிக் கிடக்கும். விரலால் தடவினால் உலோகம் என்றே தோன்றும். கூரான மூங்கில் குச்சியால் குத்திப் பாருங்கள். துளி அமுங்கினாலும், கருப்பாகப் பொடி உதிர்ந்தாலும் அது ரப்பர்தான். அடி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுற்றிலும் பெயர்த்தெடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் பள்ளத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. இரண்டு ரிங் சேர்ந்தால் முதலில் நின்றது போலத்தான் இருக்கும். வள்ளியூர் தாண்டி வேகமெடுக்கும்போது மேல் ரிங் பிதுங்கி வெளியே வந்துவிட்டால், சில நிமிடத்தில் ஆயில் மொத்தமும் ரோட்டில். எஞ்சின் பேரிங் தப்பாது.

எலிமென்ட்டோடு சில சமயம் இரண்டு மூன்று ரிங்குகள் வரும், ஒரே எலிமென்ட் பல எஞ்சின்களுக்குப் பொருந்துவதால். பழையதோடு ஒட்டிப் பார்த்து அதே குறுக்களவு, அதே தடிமன் உள்ளதை எடுங்கள். பெரிதாக இருக்கிறதென்று வெட்டி ஒட்டக் கூடாது. சைக்கிள் ட்யூபை வெட்டி ரிங் செய்வது பழைய பழக்கம். ட்யூப் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும், நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும். புது ரிங்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவும் வேண்டாம். எஞ்சின் ஆயிலைத் தொட்டுத் தடவி, முறுக்கில்லாமல் பள்ளத்தில் படிய வைத்தால் போதும்.

சிலிக்கான் பேஸ்ட் இங்கே ஆகவே ஆகாது. உள்பக்கம் பிதுங்கும் பிசிறு பிய்ந்து, ஆயில் போகும் வழியில் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

கிண்ணத்தை இறக்கும்போது அரை லிட்டர் ஆயிலாவது கொட்டும், அடியில் தட்டு வையுங்கள். பழைய எலிமென்ட்டைத் தூக்கிப் போடும் முன் அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ப்ரிங்குக்கு மேலே வரும் வாஷர்கள் அதில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போவது சகஜம். அவை இல்லாவிட்டால் வெளியே கசியாது, ஆனால் ஆயில் வடிகட்டாமலே எஞ்சினுக்குள் போகும். கசிவைவிட இது பெரிய கேடு, கண்ணுக்கும் தெரியாது.

பிறகு விளிம்பு. கிண்ணத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து, பின்னால் டார்ச் வையுங்கள். வெளிச்சம் கசியும் இடம் நசுங்கிய இடம். லேசான மேடென்றால் கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி தாளை விரித்து வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்து, துகள் இல்லாமல் கழுவிவிடலாம். முன்பு யாரோ அதிகமாக இறுக்கியதில் அடிப்பக்கம் உள்வாங்கியிருந்தால் வேறு கிண்ணம்தான். போல்ட் வாஷர் செம்பு என்றால் புதிது போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகி நன்றாகப் படியும்.

மாட்டும்போது ஒரு கையால் போல்ட்டைத் திருகிக்கொண்டே, மறு கையால் கிண்ணத்தை இடமும் வலமுமாகச் சுழற்றுங்கள். விளிம்பு ரிங்கில் நேராக உட்கார்ந்தால் சுழற்சி சீராக இறுகி நிற்கும். ஒரு பக்கம் தட்டினால் இறக்கிவிட்டுத் திரும்ப வையுங்கள். இந்த வகை எஞ்சினுக்கு 15 பவுண்டு-அடி, அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். நீள ஸ்பேனரின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டியதே இல்லை.

இந்த வெயிலுக்குக் கசிவு நிற்கட்டும் என்று கெட்டி ஆயில் ஊற்றுவதும் தவறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறி அதே ரிங்கைத் தள்ளும். 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 சரியாக இருக்கும். எல்லாம் சரியாக மாட்டியும் ரிங் திரும்பத் திரும்பப் பிதுங்கினால், அதிக ஆயில் அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், எஞ்சின் பற்றாமல் இருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பத்து பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றுங்கள். ஆயில் அழுத்தக் கேஜில் முள் ஏறிய பிறகு ஒயரை மாட்டி ஓடவிடுங்கள். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். பிறகு பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி வரை, 30 கிலோமீட்டர் போல ஓட்டி, அங்கே பானெட்டைத் திறந்து கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் போல்ட்டை மறுபடி தொட வேண்டாம்.