குளியலறை பைப் மாற்றும்போது சுவரைக் காப்பாற்றுங்கள்

குளியலறை பைப் (திறந்து மூடும் குழாய்) ஒன்றை மாற்ற, குழாய் வேலை செய்யும் பாஸைக் கூப்பிட்டால், 'இன்டைக்கு வாறன், நாளைக்கு வாறன்' என்று ஒரு கிழமை இழுபடும். நாமே மாற்றலாம், பெரிய வேலையில்லை. ஆனால் இதில் கெட்டுப்போவது பைப்பை விட, சுவருக்குள் இருக்கும் பிவிசி எல்போ என்ற வளைவு இணைப்புத்தான். அது வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

பழைய திருகு பைப் சொட்டுச் சொட்டாக ஒழுகினால், முதலில் உள்ளே இருக்கும் ரப்பர் வொஷரைப் பாருங்கள். அதை மாற்றினாலே பல நேரம் அலுவல் முடிந்துவிடும்.

மட்டக்களப்பில் பல வீடுகளில் மோட்டரால் தாங்கிக்கு ஏற்றும் கிணற்றுத் தண்ணீரும் உண்டு, மீற்றர் வழியே வரும் நீர்வழங்கல் சபைத் தண்ணீரும் உண்டு. மீற்றரடி வால்வை மட்டும் பூட்டிவிட்டுக் கழற்றினால் தாங்கித் தண்ணீர் முகத்தில் அடிக்கும். இரண்டு பக்கமும் பூட்டி, அந்த பைப்பையே திறந்துவைத்து, ஓட்டம் முழுதாக நின்ற பிறகு ஸ்பேனரை எடுங்கள். மோட்டர் தானாக ஓடும் வகையென்றால் சுவிட்சையும் நிறுத்துங்கள். அரை இஞ்சி எண்ட் பிளக் ஒன்றையும் முதலே வாங்கிவையுங்கள். வேலை இடையில் நின்றாலும் அந்த வாயை அடைத்துவிட்டு வீட்டுக்குத் தண்ணீர் விடலாம். வெள்ளிக்கிழமை பகலில் தொடங்கிவிட்டுக் காத்தான்குடி ஹார்ட்வெயாரை நம்பி ஓடாதீர்கள், ஜும்ஆ நேரம் கடை பூட்டு.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக்காற்று சும்மா விடாது. மலிவான, கையில் தூக்கினால் பாரமே இல்லாத குரோம் பைப்புகள் மினுக்கம் போய் உள்ளே அரித்துவிடும். காசு இருந்தால் பாரமான பித்தளை. இல்லாவிட்டால் நல்ல பிளாஸ்டிக் பைப்பே மேல். பார்க்க எடுப்பாக இராது, ஆனால் துருப்பிடிக்காது.

பழைய பைப் அசையவில்லையென்றால் நீளமான ரெஞ்சு போட்டுத் தொங்காதீர்கள். வினாகிரி நனைத்த துணியை மரையைச் சுற்றிக் கட்டி ஊறவிட்டு, பிறகு மெல்ல மெல்ல அசைத்துப் பாருங்கள். பைப்போடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் எல்போவும் சுழலுவது போலத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு பாஸைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதிகம் பிழை விடுவது, கசியாமல் இருக்க மரையில் சுற்றும் திரெட் டேப்பில். சுவர்ப்பக்க மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். புது பைப்பின் மரை நுனியை உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகாரம் சுற்றும் பக்கமாக டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப் என்றால் பத்துச் சுற்றாவது வேண்டும்.

பிறகு கையாலேயே ஏற்றுங்கள். முதல் இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றிவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். கை இறுகியதும் துணி சுற்றி ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குள் முடிய வேண்டும். அப்போது பைப்பின் வாய் பக்கவாட்டில் பார்த்து நிற்கும். 'கொஞ்சம் பின்னுக்குத் திருப்புவம்' என்று கை போகும். திருப்பினீர்களோ, கசியும். முன்னுக்கு வலிந்து இழுத்தால் எல்போ வெடிக்கும். முழுதாகக் கழற்றி, புது டேப்பை இரண்டு சுற்றுக் கூட்டியோ குறைத்தோ ஏற்றினால் வாய் நேரே கீழே வந்து நிற்கும்.

பேசின் பைப்புக்கு வரும் வளையும் ஹோஸில் டேப் சுற்றவே கூடாது. அங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வொஷர். பேசினுக்குக் கீழே வரும் நட்டையும் அளவோடு இறுக்குங்கள், கூடினால் பீங்கான் வெடித்துவிடும்.

ஷவர் மிக்சர் வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். தாங்கி பைப்பை விட ஒரு மீற்றர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.1 பார் (bar) அழுத்தம்தான். 4 மீற்றர் உயரத் தாங்கியை வைத்துக்கொண்டு 1 பார் கேட்கும் மிக்சரைப் பூட்டினால் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

கடைசியில் பைப் வாயிலுள்ள வலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். காவியும் மணலும் டேப் துண்டும் ஓடி முடிந்த பிறகு வலையைப் பூட்டலாம்.