கறுத்த நிறமும் சுருட்டை முடியும் பிள்ளைக்குப் பிடிக்க என்ன செய்யலாம்?

"கறுப்பா இருந்தாலும் களையான பிள்ளை" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம், ஆனால் பிள்ளையின் காதில் நிற்பது அந்த 'இருந்தாலும்' தான். 'கறுப்பும் அழகுதான்' என்பதிலும் அந்த 'உம்' எதற்கு?

என் மகளுக்கு ஆறு வயதில், ஒரு கலைவிழாவுக்கு முகம் முழுக்க வெள்ளைப் பவுடர் அப்பி மேடையேற்றினார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். வீட்டுக்கு வந்தவள் கிணற்றடியில் நின்று, கையும் வெள்ளையாகட்டும் என்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று இரவு அம்மம்மாவின் பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். நெற்றியோரம் அடங்காமல் சுருண்டு நிற்கும் அதே முடி. "அம்மம்மாவுக்கும் என்ட முடியா?" என்றாள். "இல்ல மகள், அவட முடிதான் உனக்கு வந்திருக்கு." அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நின்று தன் நெற்றியோரத்தைத் தானே தடவிப் பார்ப்பாள். ஆகவே பொதுவாகப் புகழாதீர்கள், எது யாரிடமிருந்து வந்தது என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள்.

சுருட்டை முடியைக் காய்ந்தபடி இழுத்துச் சீவினால் வலிக்கும், வலித்தால் பிள்ளை முடியைத்தான் வெறுக்கும். ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தொட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

நிறம் ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாம்: தோலில் மெலனின் கூட இருக்கிறது, அது வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிறது, நம் ஊர் வெயிலுக்கு அது தேவை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை வெள்ளையாக்கும் கிரீம் வாங்கி வந்திருந்தால் ஏசாமல், அப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று விளக்குங்கள்.

நிறம், முடி போல அம்மா வழியாக வரும் இன்னொன்று குடி, அதாவது குலம். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி தாய்வழியாகத்தான் வருகிறது, தமிழருக்கும் சோனகருக்கும் (முஸ்லிம்களுக்கும்) அப்படித்தான். அம்மா, அம்மம்மா, அவருடைய அம்மா என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் எந்தக் குடி பெரிது என்ற கதையை மட்டும் சேர்க்காதீர்கள், அது இன்னொரு பிள்ளையை அழவைக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்குக் கூட்டிப்போய், கண்ணகி கதையான வழக்குரையைப் படிக்கும்போது பக்கத்தில் இருத்துங்கள். கொழும்பில் யாராவது நம் மட்டக்களப்புப் பேச்சின் 'வாகா', 'என்னகா' கேட்டுச் சிரித்தால், நீங்கள் உடனே பேச்சை மாற்றிக்கொள்ளாதீர்கள், பிள்ளை உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடினமானது சொந்தக்காரர்தான். நான் பிள்ளைக்கும் கேட்கும்படியே சொல்லிவிடுவேன்: "மாமி, இவட நிறத்தைப் பற்றி இந்த வீட்டில கதைக்க வேணாம். இது எங்கட அம்மம்மாட நிறம்."