முளைப்பயறு கீரை அடை: மாவிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்

அடை வார்க்கக் கற்றுக்கொள்ள என் அடுப்படிக்கு வருபவர்கள், நான் தொடக்கத்தில் செய்த அதே கோளாறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். உப்பு மறந்துபோவது, முதல் அடை கல்லில் ஒட்டிக்கொள்வது போன்றவை கைப்பழக்கத்தில் தாமாகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பருப்பும் முளைப்பயறும் கீரையும் ஒன்றாகச் சேரும்போது வரும் தவறுகளே இங்கே பேச வேண்டியவை.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைப்பது

அண்மையில் என் அண்ணன் மகள் ஒரு டம்ளர் புழுங்கலரிசி, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் அரை அரை டம்ளர், ஒரு டம்ளர் முளைப்பயறு என்று அளவெல்லாம் சரியாக எடுத்துவிட்டு, அத்தனையையும் ஒரே மிக்ஸி ஜாரில் கொட்டினாள். முளைவிட்ட பச்சைப்பயறு ஏற்கெனவே நீரை உறிஞ்சி, தோல் விரிந்து, விரலால் அழுத்தினாலே நசுங்கும் பதத்தில் இருக்கும். மூன்று மணி நேரம் ஊறிய அரிசியோ கடித்தால் நறுக்கென்றுதான் உடையும். இரண்டையும் சேர்த்து ஓட்டியபோது பயறு மட்டும் விழுதாகி பிளேடைச் சுற்றி அப்பிக்கொண்டது. "அத்தை, சுத்தவே மாட்டேங்குது" என்று தண்ணீர் ஊற்றினாள். அரிசி இன்னும் அரைபடவில்லை என்று மறுபடியும் ஊற்றினாள். கடைசியில் மாவு மோரைப் போல ஓடியது, அடியில் அரிசியும் நறநறவென்று தங்கியிருந்தது.

தண்ணீர் கூடியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நீர்த்த மாவைக் கண்டதும் எல்லோருடைய கையும் அரிசிமாவு டப்பாவுக்கே போகிறது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்த இடம்தான். அரிசிமாவு விழ விழப் பருப்பின் பங்கு குறைந்து, உப்பும் உறைப்பும் மங்கி, அடை ஆறியதும் விறைத்துப்போகிறது. இரவெல்லாம் ஊறவைத்து, துணியில் முடிந்து, மறுநாள் வரை காத்திருந்து கட்டிய முளை அந்த மாவில் இருக்கும் இடமே தெரியாது.

முதலில் அரிசியை மிளகாய் வற்றல், உப்பு, பெருங்காயத்தோடு சிறிது தண்ணீர் தெளித்து ரவைப் பதத்துக்கு அரைத்து, அதில் பருப்புகளைச் சேர்த்துக் கரகரப்பாக ஓட்டி, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பயறு கடைசியில்தான், அதுவும் தனியாக, தண்ணீரே விடாமல், விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும். கலந்த மாவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, தொப்பென்று விழ வேண்டும்.

வாலாக நீண்ட முளை

மூக்கு எட்டிப் பார்த்தால் போதும். கொழகொழத்து வாடை வந்தால் குப்பைக்குத்தான்.

கீரையை மொத்த மாவிலும் கலப்பது

உப்புப் பட்ட கீரை நீர் விடும். முருங்கைக்கீரை ஓரளவு தாங்கும். நறுக்கிய பசலையைப் போட்டு வைத்தால் கெட்டியாக அரைத்த மாவும் சற்று நேரத்தில் இளகிவிடும், பிறகு மீண்டும் அதே அரிசிமாவு டப்பா. ஆகவே அந்த வேளைக்கு வார்க்கும் மாவை மட்டும் தனியே எடுத்து, அலசித் துணியில் ஈரம் போக உலர்த்திய கீரையை அதில் கலப்பதே நல்லது. மீதி மாவு கீரையில்லாமல் குளிர்பதனப் பெட்டிக்குப் போகட்டும்.

புளிக்க வைப்பது

வேண்டாம். இது தோசை மாவு அன்று.

பெரிய தீ

அடை தோசையைவிடத் தடிமனானது. தீ கூடினால் அடி கருகும், உள்ளே கடலைப்பருப்பின் பச்சை வாசனை அப்படியே இருக்கும். நடுவில் துளையிட்டு, துளையிலும் சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு, நிதானமான தீயில் வேகவிட வேண்டும். துளையின் விளிம்பு பொன்னிறமாகும்வரை திருப்ப அவசரப்பட வேண்டாம். மறுபக்கத்துக்கு அதில் பாதி நேரமே போதும், கூடினால் மேலே தெரியும் கீரை கருகிக் கசக்கும்.