18 கிலோடால்டனில் பேண்ட் வரவில்லையா? சைக்ளோஃபிலின் ஏ-க்கு வெஸ்டர்ன் பிளாட்

வெஸ்டர்ன் பிளாட் என்றால் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாக (கிலோடால்டன் அந்த எடையின் அலகு) பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவது; புரதம் இருக்கும் இடத்தில் பேண்ட், அதாவது ஒரு பட்டை, தெரியும். மூன்று வாரத்தில் நான்கு பிளாட் போட்டேன். நான்கிலும் ஆக்டின் (ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் புரதம்) பளிச்சென்று வந்தது. சைக்ளோஃபிலின் ஏ வர வேண்டிய இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆன்டிபாடி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஆர்டர் போடவும் கிளம்பிவிட்டேன். நல்லவேளை, போடவில்லை.

சைக்ளோஃபிலின் ஏ புரதங்கள் மடிய உதவும் நொதி. புரோலினுக்கு முன்னால் வரும் பிணைப்பைத் திருப்பிவிடுவது அதன் வேலை. 1984-ல் சைக்ளோஸ்போரின் மருந்தைப் பிடிக்கும் புரதம் என்றுதான் இது தெரியவந்தது. ஏற்கெனவே தெரிந்திருந்த மடிப்பு நொதியும் இதுவும் ஒன்றே என்பது 1989-ல்தான் புரிந்தது. செல்லுக்குள் மலிந்து கிடக்கும் புரதம் இது. அதனால் பேண்டே வரவில்லை என்றால் முதலில் செய்முறையைச் சந்தேகப்படுங்கள்.

ஜெல்: 15% போடுங்கள். 10%-ல் இது டை ஃபிரண்டோடு (முன்னால் ஓடும் நீலச் சாயக் கோட்டோடு) சேர்ந்து ஓடிவிடும். ஒரு லேனுக்கு (ஜெல்லின் ஒரு தடத்துக்கு) 10 முதல் 20 மைக்ரோகிராம் லைசேட் (செல்களை உடைத்தெடுத்த சாறு) போதும். நீலக்கோடு அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்குப் புரதத்தை மின்சாரத்தால் மாற்றுவது): நான் கோட்டைவிட்டது இங்கேதான். எங்கள் லேபில் எல்லாரும் 0.45 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் (ஒருவகை பிளாஸ்டிக்) மெம்பிரேன்தான் எடுப்பார்கள், நானும் அதையே எடுத்தேன். ஆக்டின் 42 கிலோடால்டன், அதில் தங்கிவிடும். 18 கிலோடால்டன் புரதம் நுழைந்து மறுபக்கம் போய்விடுகிறது. ஐந்தாவது முறை, மெம்பிரேனுக்குப் பின்னால், பாசிட்டிவ் முனைப் பக்கம், இன்னொரு துண்டையும் வைத்தேன். இரண்டையும் ஆன்டிபாடியில் போட்டுப் பார்த்தால், முன் துண்டில் ஒன்றுமில்லை; பின் துண்டில் அழகாக ஒரு பேண்ட்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆகவே 0.2 மைக்ரான் மெம்பிரேன் வாங்குங்கள். மெத்தனாலில் முப்பது விநாடி நனைக்க மறக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் பஃபரில் 20% மெத்தனால் இருக்கட்டும், எஸ்டிஎஸ் (ஒரு டிடர்ஜென்ட்) வேண்டாம். குளிர வைத்து 100 வோல்ட்டில் 45 நிமிடம் எனக்குச் சரியாக வருகிறது. எல்லாப் புரதத்தையும் சிவப்பாகக் காட்டும் பான்சோ சாயம் போட்டு, லேன்கள் தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் 30 கிலோடால்டன் அருகே மெம்பிரேனை வெட்டி, மேல்பாதியை ஆக்டினுக்கு ஒதுக்குங்கள்.

ஆன்டிபாடி: 5% கொழுப்பில்லாப் பால்பொடியில் ஒரு மணி நேரம் பிளாக்கிங் (மெம்பிரேனின் வெற்றிடங்களை அடைப்பது). பிரைமரியை (நம் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை) டேட்டாஷீட் சொல்லும் அளவில் (என்னுடையது 1:1000) ராத்திரி முழுக்க 4 டிகிரியில் விடுங்கள். மூன்று தடவை கழுவி, எச்ஆர்பி செகண்டரி (பிரைமரியைப் பிடிக்கும், எச்ஆர்பி என்ற நொதி ஒட்டிய ஆன்டிபாடி) ஒரு மணி நேரம், மறுபடி கழுவல், ஈசிஎல் (அந்த நொதியால் ஒளிரும் கரைசல்), படம். எச்ஆர்பி இருக்கும் கரைசலில் சோடியம் அசைடு கலக்கவே கூடாது, நொதியைக் கொன்றுவிடும்.

என்னைக் கேட்டால் ரீகாம்பினன்ட் மோனோகுளோனலைத்தான் (ஜீனிலிருந்து தயாரித்த, ஒரே வகை ஆன்டிபாடி) வாங்கச் சொல்வேன். பாலிகுளோனலில் (பல வகை ஆன்டிபாடிகளின் கலவை) ஒரு லாட் போல அடுத்தது இருக்காது. சற்று மேலே ஓடும் சைக்ளோஃபிலின் பி-யையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். சைக்ளோஃபிலின் ஏ-யின் ஜீனை நீக்கிய செல்லின் லைசேட் கிடைத்தால் ஒரு லேனில் ஓட்டிப் பாருங்கள். அங்கே பேண்ட் காணாமல் போக வேண்டும்.

பின்சேர்க்கை: செல்லுக்கு வெளியே மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) தேடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தேடலாம், ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் செல்கள் இதை வெளியே விடுவது தெரிந்ததுதான். ஆனால் சீரம் இல்லாத மீடியத்தில் செய்யுங்கள். மாட்டுச் சீரத்தின் ஆல்புமின் லேனையே அடைத்துவிடும். மாட்டின் சைக்ளோஃபிலினும் மனிதனுடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆன்டிபாடிக்கு வித்தியாசம் தெரியாது. மீடியம் லேனில் ஆக்டின் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், செல்கள் உடைந்திருக்கின்றன.